முருகனுக்கு அம்மை போட்ட கதை: திரை நினைவகமும் வண்ண முறைகளும்

1998 வாக்கில் எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு டிடிபி கடையில் மாலை நேரங்களில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணினி. அதில் விண்டோஸ் 95. ஆவணி மாத முகூர்த்த நெருக்கடியில் ஒருநாள், பத்திரிகையின் முழுப் பக்கமும் ஒருசேரத் திரையில் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்றார் கடைக்கார அண்ணன். திரை அமைப்புக்குள் போய், 640-க்கு 480 என்று இருந்த அளவை 1024-க்கு 768 வரை இழுத்துவிட்டேன். கணினி ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தது. முழுப் பக்கமும் அழகாகத் தெரிந்தது. ஆனால் தலைப்பில் சிரித்துக்கொண்டிருந்த முருகனின் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது.

“என்ன தம்பி, முருகனுக்கு அம்மை போட்டுவிட்டதே!” என்றார் அண்ணன்.

படக்கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துபோய் ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்தோம். தாளில் முருகன் முகம் பளிச்சென்று இருந்தது. கோப்பில் கோளாறு இல்லை, மானிட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிஸ்பிளே கார்டில் இருந்த ஒரே ஒரு மெகாபைட் நினைவகத்தில்தான் விஷயம் இருந்தது. இது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.

திரைக்கு ஞாபகமறதி

மானிட்டர் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சாதனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரில் ஒரு புள்ளியை மின்கற்றை தொட்டுப் போனால், அந்த ஒளி சில மில்லிநொடிகளில் மங்கிவிடும். மங்குவதற்குள் திரும்பி வந்து தொட வேண்டும். அதனால் நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ முழுப் படத்தையும் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இன்றைய தட்டைத் திரைகளுக்கும் பெரும்பாலும் அதே வேகத்தில்தான் படம் போகிறது, திரையில் ஒன்றுமே அசையாதபோதும்கூட.

இப்படி ஓயாமல் அனுப்ப, படம் எங்காவது தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்துக்குப் பெயர் பிரேம் பஃபர். திரை நினைவகம் என்று சொல்லிக்கொள்ளலாம். சாதாரண நினைவகம்தான், பைட் பைட்டாக எண்கள். கிராபிக்ஸ் வன்பொருள் அதன் முதல் பைட்டில் தொடங்கி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்து மானிட்டருக்கு அனுப்புகிறது. கடைசிப் புள்ளி வந்ததும் மறுபடி முதலிலிருந்து. அங்கே என்ன எண் இருக்கிறதோ அது தெரியும். குப்பையைப் போட்டால் குப்பை தெரியும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே எல்லாமே கோப்பு என்பதால், பெரும்பாலான கணினிகளில் திரை நினைவகமும் ‘டெவ்’ அடைவுக்குள் எஃப்பி0 என்ற பெயரில் ஒரு கோப்பாக உட்கார்ந்திருக்கும். எழுத்து மட்டும் தெரியும் கன்சோலுக்குப் போய், நிர்வாகி உரிமையோடு அந்தக் கோப்பில் கண்டபடி எண்களைக் கொட்டினால், அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் ஆன்டெனா விலகியபோது வந்த புள்ளி மழை திரையெங்கும் பொழியும். பூஜ்யங்களைக் கொட்டினால் திரை கறுத்துவிடும். முதன்முதலில் செய்து பார்த்தபோது கணினியின் மேல் இருந்த பாதி பயம் எனக்குப் போய்விட்டது.

ஒரு மெகாபைட்டின் பட்ஜெட்

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் போல, திரையும் புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், எத்தனை பிட் (0 அல்லது 1 வைக்கும் இடம்) ஒதுக்குகிறோம் என்பதுதான் வண்ண முறை. ஒரு பிட் என்றால் இரண்டே நிறம். நான்கு பிட் என்றால் 16. எட்டு பிட், அதாவது ஒரு பைட் என்றால் 256. இரண்டு பைட் கொடுத்தால் 65,536. மூன்று பைட் கொடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் கிடைத்து, மொத்தம் 1,67,77,216 நிறங்கள்.

இப்போது கடைக் கணினிக்குத் திரும்புவோம். கார்டில் இருந்தது ஒரு மெகாபைட், அதாவது 10,48,576 பைட்டுகள். 640-க்கு 480 திரையில் புள்ளிக்கு மூன்று பைட் வைத்தால் 9,21,600 பைட் ஆகிறது. உள்ளே அடங்கிவிட்டது. அதனால் முருகனும் முழு வண்ணத்தில் ஜொலித்தார். 800-க்கு 600 என்றால் மூன்று பைட்டுக்கு 14,40,000 வேண்டும், அடங்காது. இரண்டு பைட் என்றால் 9,60,000, அடங்கும். 1024-க்கு 768 என்றால் இரண்டு பைட்டுக்கே 15,72,864 ஆகிவிடுகிறது. ஒரு பைட்டுக்கு இறங்கினால் 7,86,432. வேறு வழியில்லை.

விண்டோஸ் 95-இன் திரை அமைப்புப் பெட்டியில் வலப்பக்கம் அளவை இழுக்கும் குமிழ் இருக்கும், இடப்பக்கம் வண்ணப் பட்டியல் இருக்கும். குமிழை வலப்பக்கம் தள்ளத் தள்ள, வண்ணம் தானாகவே 256-க்கு இறங்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. இயங்குதளம் எனக்காக இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டு, “அளவு வேண்டுமென்றால் நிறத்தை விட்டுக்கொடு” என்று சத்தமில்லாமல் பேரம் முடித்துவிட்டது. முருகன் முகத்துத் தோலின் நூற்றுக்கணக்கான சாயல்களுக்குக் கைவசம் சில நிறங்களே மிஞ்சின. இல்லாத நிறத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிறப் புள்ளிகளைத் தூவி, தூரத்திலிருந்து பார்த்தால் கலந்து தெரியும்படி ஏமாற்றியது மென்பொருள். செய்தித்தாள் படங்களில் உள்ள அதே தந்திரம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது அம்மையாகத் தெரிந்தது.

எந்த 256?

ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரை எண் வைக்கலாம், சரி. 137 என்றால் என்ன நிறம்? அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இந்த முறையின் அழகும் தலைவலியும் இங்கேதான் இருக்கின்றன.

மார்கழியில் கோலப்பொடியைக் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வைத்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். கிண்ணங்களுக்கு எண் போட்டுவிட்டு, கோலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ‘மூன்றாம் கிண்ணம்’, ‘ஏழாம் கிண்ணம்’ என்று மட்டும் எழுதி வைத்தால் போதும். மூன்றாம் கிண்ணத்தில் மஞ்சளுக்குப் பதில் ஊதாப் பொடியைக் கொட்டினால், மூன்று என்று எழுதிய கட்டமெல்லாம் ஒரே நொடியில் ஊதாவாகிவிடும். கட்டத்தில் கை வைக்கவே வேண்டாம். இந்தக் கிண்ண வரிசைக்குப் பெயர் பேலட்.

1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த விஜிஏ முறையில் 256 கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொரு கிண்ணத்திலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஆறு ஆறு பிட். அதாவது 2,62,144 நிறங்களில் எந்த 256-ஐ வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தக் கால விளையாட்டுகளில் அருவி ஓடும், தீ எரியும். பல சமயம் அங்கே ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. கிண்ணங்களில் உள்ள நீலங்களை மட்டும் வரிசையாக இடம் மாற்றுவார்கள், தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும். அறுபத்துநாலாயிரம் பைட்டை மாற்றுவதற்குப் பதில் ஏழெட்டுக் கிண்ணத்தை மாற்றினால் முடிந்தது வேலை.

ஒரே நிரல் ஓடும்வரை இது சொர்க்கம். விண்டோஸில் ஒரே நேரத்தில் நான்கு நிரல்கள் திறந்திருந்தபோது சண்டை தொடங்கியது. கிண்ணங்கள் முழுத் திரைக்கும் ஒரே செட். படம் வரையும் நிரல் தனக்கு வேண்டிய 256 நிறத்தைக் கேட்கும், பக்கத்து நிரல் வேறு 256 கேட்கும். விண்டோஸ் பஞ்சாயத்துத் தலைவர் வேலை பார்த்தது. 20 கிண்ணங்களை யாரும் தொடக் கூடாது, அவை சன்னல்களின் விளிம்புக்கும் பொத்தான்களுக்கும். மீதி 236-இல் முன்னால் இருக்கும் சன்னலுக்கு முதல் உரிமை. பின்னால் இருப்பவை கிடைத்த நிறங்களில் கிட்டத்தில் உள்ளதை வைத்துச் சமாளித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு சன்னலைச் சொடுக்கியதும் மற்றொன்றில் இருந்த படம் சட்டென்று பச்சையும் ஊதாவுமாகப் பேயறைந்தது போல மாறியது. 90-களில் கணினி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இணையப் பக்க வடிவமைப்பாளர்கள் 216 நிறங்களை மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் இதனால்தான். மூன்று நிறத்துக்கும் ஆறு ஆறு படிகள், ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு.

இரண்டு பைட் முறைக்கு வந்ததும் கிண்ணங்கள் போயின, எண்ணுக்குள்ளேயே நிறம் வந்துவிட்டது. 16 பிட்டை மூன்றாகச் சமமாகப் பிரிக்க முடியாது. சிவப்புக்கு ஐந்து, நீலத்துக்கு ஐந்து, பச்சைக்கு ஆறு என்று பெரும்பாலான கார்டுகளில் பிரித்தார்கள். மிச்சமான ஒரு பிட் பச்சைக்குப் போனதற்குக் காரணம் நம் கண். வெளிச்சத்தின் சிறு வேறுபாடுகளைப் பச்சையில்தான் நாம் நன்றாகப் பிடிக்கிறோம். ஆரம்பகாலத் தொடுதிரைப் போன்கள் பலவற்றிலும் இந்த முறை இருந்தது. அவற்றில் அந்தி வானப் படத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் 16 பிட்டின் வேலைதான்.

இன்று பெரும்பாலான இடங்களில் புள்ளிக்கு 32 பிட். அதில் வழக்கமாக 24 தான் நிறம். மீதி எட்டு பிட் சும்மா கிடக்கும், அல்லது அந்தப் புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவும் என்று சொல்லும். மூன்று மூன்று பைட்டாகத் தாவுவதைவிட நான்கு நான்காகத் தாவுவது வன்பொருளுக்குச் சுலபம், அதற்காகத்தான் இந்தத் தாராளம்.

காவலாளி இல்லாத காலம்

இதுவரை இயங்குதளம் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்ததுபோல் எழுதிவிட்டேன். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் காலத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் செயலி ஒரு மெகாபைட் வரைதான் முகவரி சொல்ல முடியும். அதில் முதல் 640 கிலோபைட்டை நிரல்களுக்கு விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள முகவரிகளைத் திரைக்கும் மற்ற வன்பொருளுக்கும் ஒதுக்கினார்கள். டாஸ் காலத்து ஆட்கள் புலம்பிக்கொண்டே இருந்த 640 கிலோபைட் வரம்பு இப்படித்தான் பிறந்தது. மேலே போக முடியாதபடி திரை நினைவகம் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

படம் இல்லாமல் எழுத்துகளை மட்டும் காட்டும் வண்ண எழுத்து முறையில் திரை 736-ஆவது கிலோபைட்டில் தொடங்கும். 80 எழுத்து, 25 வரி. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட், மொத்தம் 4,000 பைட். முதல் பைட்டில் எந்த எழுத்து, இரண்டாவதில் என்ன நிறம். முதல் பைட்டில் 65, அடுத்ததில் 31 என்று எழுதினால் திரையின் இடது மேல் மூலையில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்து நீலப் பின்னணியில் வெள்ளையாக வந்து நிற்கும். 31 ஏன்? பின்னணி நீலத்தின் எண் 1, அதைப் பதினாறால் பெருக்கி, பளிச் வெள்ளையின் எண்ணான 15-ஐக் கூட்டினால் 31. விண்டோஸ் 95, 98 செத்து விழும்போது காட்டிய நீலத் திரையும் இந்த எழுத்து முறைதான். மற்றதெல்லாம் குழம்பிக் கிடக்கும் நேரத்திலும் 4,000 பைட்டை எழுத முடியும் என்ற நம்பிக்கை.

டாஸிடம் அனுமதி கேட்டுத் திரையில் எழுதினால் ஆமை வேகம். அதனால் உருப்படியான நிரல்கள் எல்லாம் டாஸைத் தாண்டிக்கொண்டு நேராகத் திரை நினைவகத்தில் கை வைத்தன. தடுக்க ஆளும் இல்லை, தடுக்கத் தேவையும் இல்லை. வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் குளியலறைக்குத் தாழ்ப்பாள் எதற்கு?

ஒரு சிக்கல் மட்டும் அப்போதே தலைகாட்டியது. 1981-இன் வண்ணக் கார்டான சிஜிஏயில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. 320-க்கு 200 புள்ளி, நான்கு நிறம். அதில் எழுத்து முறையில் நிரல் எழுதும் அதே நொடியில் கார்டும் படிக்க வந்தால், இருவரும் மோதிக்கொண்டு திரையில் வெள்ளைப் பொறிகள் பறக்கும். பனி என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மின்கற்றை திரையின் ஓரத்துக்குப் போய்த் திரும்பும் அந்தச் சின்ன இடைவெளிக்காகக் காத்திருந்து எழுதினால் பனி விழாது. ‘காத்திருந்து எழுது’ என்ற இந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை, கீழே மறுபடி வரும்.

நம் மொழிக்கும் இந்த எழுத்து முறையோடு ஒரு வழக்கு உண்டு. விஜிஏயில் ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம் கொண்ட ஒரு பெட்டி. மொத்தம் 256 வடிவம், அதில் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. ‘ணௌ’ என்ற எழுத்தை எட்டுப் புள்ளி அகலத்தில் அடைத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம். அதனால்தான் அந்தக் காலத் தமிழ் மென்பொருள்கள் பல, எழுத்து முறையையே விட்டுவிட்டு, வரைகலை முறையில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தன. இந்திய மொழிகளுக்காகவே சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்று ஒரு தனி அட்டையே தயாரித்தது. இந்தக் குறை முழுசாகத் தீரவும் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சொந்தக் கன்சோலில் இன்றும் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்கள்தான். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. அங்கே தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரிகின்றன.

பொய்த் திரை

விண்டோஸ் வந்தபோது வீட்டில் ஆட்கள் பெருகிவிட்டார்கள். தாழ்ப்பாள் தேவைப்பட்டது.

சன்னல் முறையில் நிரல்கள் நினைவகத்தைத் தொடுவதில்லை. “இங்கே ஒரு கோடு, அங்கே இந்த எழுத்து” என்று இயங்குதளத்திடம் சொல்ல வேண்டும். திரை 16 நிறமா, 256 நிறமா, எந்தக் கம்பெனி கார்டு என்பதெல்லாம் டிரைவர் என்ற சிறு நிரலின் கவலை. சிவப்பு கேட்டால், இந்த முறையில் சிவப்புக்கு என்ன எண் என்று பார்த்து அது எழுதிக்கொள்ளும்.

ஆனால் நேராகக் கை வைத்தே பழகிய டாஸ் நிரல்களை என்ன செய்வது? இதற்கு விண்டோஸ் 3 கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 386 செயலியில் ஒரு நிரல் காணும் முகவரியை வேறொரு இடத்துக்குத் திருப்பிவிட முடியும். டாஸ் நிரல் ‘736-ஆவது கிலோபைட்’ என்று நினைத்து எழுதுவது உண்மையில் சாதாரண நினைவகத்தில் ஒரு மூலையில் விழும். விண்டோஸ் அதை அவ்வப்போது எட்டிப்பார்த்து, மாறிய எழுத்துகளைத் தன் சன்னலுக்குள் வரைந்து காட்டும். முழுத் திரையும் தனக்கே என்று அந்த நிரல் நம்பிக்கொண்டிருக்கும். ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் உண்மையான திரையே அதன் கைக்குப் போகும்.

இதே காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் நினைவில் நிற்கும்: பாதுகாப்பு முறை. டிரைவர் கெட்டுப்போய் விண்டோஸ் 95-ஐப் பாதுகாப்பு முறையில் எழுப்பினால், 640-க்கு 480, 16 நிறம், யானை அளவு ஐகான்கள். உலகத்தில் எந்தக் கார்டாக இருந்தாலும் 1987-இன் விஜிஏ முறை அதற்குத் தெரியும் என்பதால் அங்கே போய் ஒதுங்கியது. அந்த முறைக்கு 1,53,600 பைட் வேண்டும். ஆனால் பிசியில் அதற்கு ஒதுக்கியிருந்த முகவரி இடம் 64 கிலோபைட்தான். அதனால் நான்கு பிட்டையும் நான்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் 38,400 பைட்டாக ஒரே முகவரியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். எந்த அடுக்கில் எழுத வேண்டும் என்று கார்டிடம் முதலில் சொல்லிவிட்டு எழுத வேண்டும். இதை நிரலாக எழுதிப் பார்த்தவர்கள் அந்த முறையை அன்போடு நினைவுகூர்வதில்லை.

ஒரே பலகையிலிருந்து பல தாள்களுக்கு

விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு நிரல் உறைந்துவிடும். அதன் மேல் ஒரு பிழைப் பெட்டியை இழுத்தால், போகும் வழியெல்லாம் அந்தப் பெட்டியின் நகல்கள் சீட்டுக்கட்டை விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டே வரும். வேலை நின்ற கடுப்பில் அதை வைத்துக் கோலம் போட்டு விளையாடியவர்களில் நானும் ஒருவன்.

காரணம் எளிது. எல்லாச் சன்னல்களும் ஒரே திரை நினைவகத்தில், அவரவர் தெரியும் பகுதியில் மட்டும் வரைந்தன. மேலே ஒன்று வந்தால் கீழே இருந்த படம் அழிந்துவிடும், நகல் எங்கும் கிடையாது. மேலே உள்ளது விலகியதும், “உன் இடம் வெளியே வந்துவிட்டது, மறுபடி வரை” என்று இயங்குதளம் கீழே உள்ள நிரலைத் தட்டும். அது உறைந்து கிடந்தால் யார் வரைவது? பழைய பெட்டியின் பிம்பமே தங்கிவிடும். நினைவகம் தங்கமாக இருந்த காலத்தில் ஒவ்வொரு சன்னலுக்கும் நகல் வைத்திருப்பது ஊதாரித்தனம்.

2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு சன்னலும் தனித்தாளில் வரையும், அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைப் படத்தைத் தயாரிப்பது வேறொருவர் வேலை. விண்டோஸில் இது விஸ்டாவோடு வந்தது. விண்டோஸ் 8 முதல் அணைக்கவே முடியாது. கணக்குப் போடுங்கள்: 1920-க்கு 1080 திரையை நிரப்பும் ஒரு சன்னலுக்கு 82,94,400 பைட். பத்துச் சன்னல் என்றால் எட்டுக் கோடிக்கு மேல். எங்கள் கடைக் கணினியின் கார்டு போல எண்பது கார்டு வேண்டும்.

அடுக்கி முடித்த படத்தை, வன்பொருள் படித்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில் எழுதினால் மேல்பாதி பழைய படம், கீழ்பாதி புதிய படம் என்று திரை கிழிந்து தெரியும். ஆகவே இரண்டு திரை நினைவகம் வைத்துக்கொள்வார்கள். ஒன்றைக் காட்டும்போது மற்றொன்றில் வரைவார்கள். வரைந்து முடிந்ததும், வன்பொருள் கடைசி வரியைப் படித்துவிட்டு மேலே திரும்பும் அந்த இடைவெளி வரும்வரை பொறுத்திருந்து, ‘இனி அங்கே படி’ என்று முகவரியை மட்டும் மாற்றிவிடுவார்கள். பனி விழாமல் இருக்கக் காத்திருந்த சிஜிஏக்காரர்களின் அதே பொறுமை.

லினக்ஸில் வெகுகாலம் இதற்கெல்லாம் ஒரு தலைவர் இல்லை. கர்னல் கன்சோலைக் கவனிக்கும், சன்னல்களைத் திரையில் காட்டும் நிரலான எக்ஸ் சர்வர் தனியாக வன்பொருளைத் தொட்டுத் தானே திரை முறையை மாற்றும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது திரை கறுத்து, படபடத்து, சில சமயம் திரும்பி வராமலே போகும். 2009-இல் வந்த 2.6.29 பதிப்பில் திரை முறையை அமைக்கும் பொறுப்பைக் கர்னலே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நுழைந்தது. அதன்பிறகுதான் அந்தப் படபடப்பு மெல்ல அடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் என் 1366-க்கு 768 மடிக்கணினியில், செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போடலாம் என்று எஃப்பி0-வில் நேராக எழுதும் பத்து வரி நிரல் ஒன்றை எழுதினேன். வரிக்கு 1366 புள்ளி, புள்ளிக்கு நான்கு பைட், ஆக வரிக்கு 5,464 பைட் என்று தாவிக்கொண்டே போனேன். கோடு கேட்டால் சாய்ந்த தூறல் வந்தது. ஒவ்வொரு வரியிலும் புள்ளி பத்துப் பத்தாக இடப்பக்கம் நகர்ந்திருந்தது. வன்பொருளுக்கு ஒவ்வொரு வரியும் 64-இன் மடங்கில் தொடங்கினால் வசதி. அதனால் டிரைவர் வரிக்கு 5,504 பைட் ஒதுக்கியிருந்தது. கடைசி 40 பைட் காலி, திரையில் தெரியாது, ஜாக்கெட் துணியில் தையலுக்கு விடும் உள்மடிப்பு மாதிரி. வரியின் அகலத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளாதீர்கள், இயங்குதளத்தைக் கேளுங்கள் என்று பாடநூல்கள் சொல்வதை அன்றிலிருந்து மதிக்கிறேன்.

உங்கள் கணினியில் பார்க்க

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் திரை நினைவகம் பொது நினைவகத்திலிருந்தே போகிறது. 8 ஜிபி வாங்கினேன், 7.8 தான் காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கணினி எழும்போதே ஒரு பங்கை வன்பொருளுக்கென்று, அதில் பெரும்பாலும் கிராபிக்ஸுக்கு, எடுத்து வைத்துவிடுகிறார்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘பகிர்ந்த கிராபிக்ஸ் நினைவகம்’ என்று பாதி ரேமைக் காட்டுவதைப் பார்த்தும் பதற வேண்டாம். அது உச்சவரம்பு மட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும்.

இன்னொன்று. இரண்டு பைட் முறைக்கு வந்ததும் கிண்ணங்கள் போய்விட்டன என்று மேலே எழுதினேன். முழுக்கப் போகவில்லை. திரை நினைவகத்திலிருந்து படித்த நிறத்தை மானிட்டருக்கு அனுப்பும் வழியில் ஒரு மாற்று அட்டவணை இன்னும் இருக்கிறது. ‘இந்த அளவு நீலம் வந்தால் அதைவிடக் குறைவாக அனுப்பு’ என்று அதில் எழுதி வைக்கலாம். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி பெரும்பாலும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. திரை நினைவகத்தில் ஒரு பைட்கூட மாறுவதில்லை.

சோதிக்க ஆசையென்றால் இன்றிரவு அந்த வசதியைப் போட்டுவிட்டு, மஞ்சள் பூத்த திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்புங்கள். “எங்கே மஞ்சள்? வெள்ளையாகத்தானே இருக்கிறது” என்று பதில் வரும்.